வெண்சிறகுச் சங்கத்துச் சுமைதூக்கி

மார்ச் 8, சனி

இன்று செய்த தவறு: பெயர் கேட்ட கட்டத்தில் பெயரை எழுதவில்லை.

மாலை வகுப்பில் கட்டுரை சொல்லித்தரும் ஆசிரியை, நாட்குறிப்பின் முதல் வரியில் அன்றைய தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கடைசி வரியில் மறுநாள் வேலையைக் குறிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "நடுவுல என்ன வேணா எழுதிக்கங்க, நான் படிக்கப் போறதில்ல" என்றும் சொன்னார். வகுப்பில் மற்றவர்கள் எழுதுவதற்குத் தவறு கிடைக்காமல் பேனாவைக் கடிக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. இருப்பதில் எதை எழுதுவது என்பதுதான் கவலை.

அக்காவைத் தேடி ஒரு விளையாட்டுக்குள் போனேன். அதன் பெயர் 'நித்திய சாம்ராஜ்யம்'. கணினியில் ஆடுவது. 'முற்றிலும் இலவசம்! இன்றே மாவீரனாகு!' என்று விளம்பரம் சொன்னது. மாவீரனாகும் எண்ணம் எனக்கு இல்லை. அக்காவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா போன மழைக்காலத்தில் வீட்டை விட்டுப் போனாள். அதுவரை தினமும் மாலையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத பலரோடு சேர்ந்து இந்த விளையாட்டில் கோட்டை காத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பெரிய முற்றுகை. அம்மாவுக்கு என் சட்டையை இஸ்திரி போட வேண்டியிருந்தது. பிளக் வேண்டியிருந்தது. இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். கோட்டை விழுந்தது. அக்கா கத்தினாள். அம்மாவும் கத்தினாள். "அந்தக் கோட்டைதான் பெருசுன்னா அங்கேயே போய் இருந்துக்கோ!" அக்கா வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, போன் எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். என் சட்டையால்தான் இவ்வளவும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தச் சட்டையை இப்போது போடுவதில்லை.

இப்போது அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. சின்ன விஷயம், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார் டாக்டர். அம்மா என்னிடம், "அவகிட்ட நீ ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சுது, நான் ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து எழுந்து நடந்து வந்துருவேன்" என்றாள். சொன்ன கையோடு அக்கா விட்டுப்போன போர்வையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து அதே இடத்தில் வைத்தாள். அது அழுக்காகவே இல்லை.

அக்காவோடு முன்பு வேலை பார்த்த தோழிக்கு போன் செய்தேன். "அவ புது நம்பர் எங்கிட்டயும் இல்லப்பா. ஆனா சாயங்காலம் ஆறரைக்கு மேல அவ எங்க இருப்பான்னு தெரியும். பொன்கோட்டை. வெண்சிறகுச் சங்கம். அங்க அவ பேரு இடிமுழக்கி. துணைத்தலைவியாம்" என்றாள். விலாசம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஆகவே உள்ளே போனேன். விதிமுறைகளைப் படித்து ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். நான் படித்தேன். அதுதான் முதல் கோளாறு. என் வெற்றி, தோல்வி, புலம்பல் அனைத்தும் நிறுவனத்தின் உடைமை என்ற பகுதிக்கு வருவதற்குள், 'தாங்கள் மிகவும் தயங்குவதால் தங்கள் பிறப்பை நாங்களே தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. பார்த்தால், நான் ஒரு குள்ளன். முழங்கால் வரை தாடி. தொழில்: சுமைதூக்கி. அடுத்து ஒரு கட்டம் வந்தது. அதன் தலைப்பை 'வைரம் வாங்குங்கள்' என்ற விளம்பரம் மறைத்துக்கொண்டிருந்தது. பேசுவதற்கான கட்டம் என்று நினைத்து, 'அக்கா இருக்கியா' என்று எழுதிப் பொத்தானை அழுத்தினேன்.

எக்காளம் முழங்கியது. 'வருக, மாவீரர் அக்கா இருக்கியா!'

இனி அதுதான் என் பெயர். தலைக்கு மேல் தங்க எழுத்தில் மிதக்கிறது. பெயரை மாற்ற வைரம் வேண்டும். தாடியைக் குறைக்க வைரம் வேண்டும். வாய் திறந்து பேசவோ எழுதிப் பேசவோகூட இருபதாம் நிலையை எட்ட வேண்டும், இல்லையென்றால் வைரம். வைரம் வாங்க வங்கி அட்டை வேண்டும். வீட்டில் அட்டை இருப்பது அம்மாவிடம். எதற்கு என்று கேட்பாள். இலவசமாகக் கிடைப்பது நிற்பதும் நடப்பதும் மட்டும்தான். ஓடினால் மூச்சு வாங்குகிறது, அதைப் போக்கும் மருந்தும் கடையில் இருக்கிறது.

கிராமத் தலைவர் ஒருவர், கணினியே ஆட்டுவிக்கும் பொம்மை மனிதர், என்னை நிறுத்தி, "மாவீரரே! உலகம் அழிவின் விளிம்பில் நிற்கிறது! தங்களுக்காகவே யுகங்களாகக் காத்திருந்தோம்! முதலில் வயலில் உள்ள எலிகளைக் கொன்று வாரும்!" என்றார். எனக்குப் பின்னால் வந்தவரிடமும் யுகங்களாகக் காத்திருந்ததாகச் சொன்னார்.

பகலில் நான் பூச்சி, எலி ஒழிப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாளை: எலி பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று செய்த தவறு: எலி வளையைத் தேடினேன்.

எங்கள் தொழிலில் எலியை யாரும் நேரில் பார்ப்பதில்லை. சுவரோரம் புழுக்கை, கடித்த மூட்டை, எண்ணெய்ப் பிசுக்கான தடம், இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் பொறி வைக்க வேண்டும். நான் வயலை ஓரத்திலிருந்து முறையாக ஆராய்ந்தேன். வரப்பில் குனிந்து பார்த்தேன். குள்ளன் குனிந்தால் தாடி தரையைப் பெருக்குகிறது. ஒரு புழுக்கைகூட இல்லை. இவ்வளவு சுத்தமான வயலில் எலி இருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்து திரும்பினால், எனக்குப் பின்னாலேயே கன்றுக்குட்டி அளவில் எலிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அடிவாங்குவதற்காகவே காத்திருக்கின்றன போல. ஒன்றை அடித்தால் அது செத்து, ஒரு கோப்பையை விட்டுச்செல்கிறது. எலியிடம் கோப்பை எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதே எலி அதே இடத்தில் மறுபடி பிறக்கிறது. எங்கள் நிறுவனத்தில் இப்படி நடந்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா.

கிராமத் தலைவர் வெகுமதியாகக் காலுறை தந்தார். ஒன்று. மற்றக் காலுக்கானது கடையில் இருக்கிறது.

போகிற வருகிறவர்கள் எல்லாம் என் தலைக்கு மேல் பார்க்கிறார்கள், பதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். "இல்லப்பா, வெளிய போயிருக்கா." "இருக்கேன், என்ன வேணும்?" "அக்கா குளிக்கிறா, அப்புறம் வா." கவசம் அணிந்த ஒருவர் மட்டும் நான் தொலைந்துபோன குழந்தை என்று நம்பி, என் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். கடைசியில் ஒரு ரொட்டியைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வாய் இல்லை, நன்றி சொல்ல முடியவில்லை.

இந்த வேகத்தில் எலி அடித்தால் இருபதாம் நிலைக்கு வர அம்மாவின் தையலே ஆறிவிடும். பொன்கோட்டைக்கு நடந்து போகவும் வழியில்லை, நடுவில் ஒரு மலை, மலைக்குச் சுங்கம். அப்போதுதான் கிணற்றடியில் பலகையைப் பார்த்தேன். 'வெண்சிறகுச் சங்கம் புதியோரை வரவேற்கிறது. நேர்காணல் உண்டு. தேர்வானோர் பறக்கும் தேரில் பொன்கோட்டைக்கு அழைத்துச் செல்லப்படுவர்.'

நாளை: நேர்காணலுக்குப் போக வேண்டும். தாடியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று செய்த தவறு: வேலையிடத்தில் வாயை விட்டது.

ஒரு பேக்கரியின் பின்கட்டில் பொறி வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவுக்குப் பெரியவரை நாங்கள் பொறியண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் மாவு மூட்டைக்குப் பின்னால் படுத்தபடி, "என்னடா, கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு?" என்றார். சொல்லிவிட்டேன்.

அவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "இரு இரு. பகல்ல எலி அடிக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்க. அதே எலியை நீ சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஓசியில அடிக்கிறியா?"

"அது இலவசம்ணே."

"யாருக்கு?"

மீதி நாள் முழுக்க ஒவ்வொரு பொறியையும் என்னிடம் நீட்டும்போது "மாவீரரே, இதையும் வையுங்க" என்றார்.

மாலையில் நேர்காணல். சங்கத்தின் செயலாளர் குரல்வழி பேசினார். அவருடைய உருவம் வெள்ளிக் கவசம், நெருப்பு வாள், ஒளிவட்டம். குரல் மட்டும் ஜலதோஷம். நான் கேட்கலாம், பேச முடியாது. சைகை காட்டலாம், ஆனால் இலவசச் சைகைகள் இரண்டே. வணங்குதல், அழுதல். தலையாட்டுவதற்கு வைரம்.

"பரவாயில்ல தம்பி," என்றார் செயலாளர். "ஆமான்னா வணங்கு. இல்லன்னா அழு. நம்ம சங்கத்துக்கு அது ரெண்டுமே போதும். சங்கத்துல சேரணும்னு மனசார விரும்புறியா?"

வணங்கினேன். குள்ளன் வணங்கும்போது நெற்றி தரையைத் தொடுகிறது.

"நல்லது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது விளையாட்டு இல்ல. இதை விளையாட்டா எடுத்துக்கிட்டவங்க யாரும் இங்க நிலைச்சதில்ல. நான் சேர்ந்தப்ப எனக்கு வேலை இருந்துது, முடி இருந்துது. ரெண்டையும் நான் பெருசா நினைக்கல. எல்லாம் ஒரு அர்ப்பணிப்புதான். உனக்கு வேற ஏதாவது பொறுப்பு இருக்கா? வேலை, படிப்பு, அந்த மாதிரி?"

இருக்கிறது. வணங்க வேண்டும். வணங்கினால் தேர்வாக மாட்டேன் என்று தோன்றியது. அழுதேன். குள்ளன் முழங்காலிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, தரையில் புரண்டான். கண்ணிலிருந்து நீரூற்று இரண்டு பீச்சியது. எங்கிருந்தோ வயலின் ஒலித்தது. வேறு பொத்தானை அழுத்தும்வரை அது நிற்காது என்பதை அப்போதுதான் கற்றேன்.

"அடடா, எவ்வளவு உணர்ச்சி!" செயலாளரின் குரலே தழுதழுத்துவிட்டது. பின்னால் ஒரு பெண் குரல், "மழை வருது, மாடியில துணி கிடக்கு, காது கேக்குதா இல்லையா?" என்றது. "நான் ஒரு முக்கியமான கூட்டத்துல இருக்கேன்!" என்று அவர் திரும்பிச் சொன்னார். பிறகு என்னிடம், "நாங்க யாரையும் வைரம் வாங்கச் சொல்றதில்ல தம்பி. அது அவங்கவங்க விருப்பம். வாங்காதவங்களை நாங்க ஒண்ணும் சொல்றதும் இல்ல, பேசறதும் இல்ல, பார்க்கறதும் இல்ல. அந்த அளவுக்குச் சுதந்திரம். சம்மதமா?"

வணங்கினேன். "துணி!" என்றது பெண் குரல். கவசம் அணிந்த செயலாளர் நெருப்பு வாளோடு அசையாமல் நின்றார். வெகுநேரம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "தேர்வாயிட்டே" என்றார்.

நாளை: ஆறரைக்கு அணிவகுப்பு. கட்டுரை வகுப்பும் ஆறரைக்குத்தான்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று செய்த தவறு: வகுப்புக்குப் போகவில்லை. அதைவிடப் பெரிய தவறு, அதற்காக வருந்தவும் மறந்துவிட்டேன்.

பறக்கும் தேரில் பொன்கோட்டை வந்து சேர்ந்தேன். இனி என்ன, உள்ளே போய் அக்கா முன்னால் நின்றால் போதும், என் தலைமேல் எழுதியிருப்பதை அவளே படித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் புதியோருக்குக் கோட்டைக்குள் அனுமதி இல்லை. பின்வாசலில் காவல். அணிவகுப்பின்போது நடப்பதைக் காதால் கேட்கலாம்.

சங்கத்தின் தலைவர் பெயர் கருஞ்சிங்கம். அவர் உரையாற்றினார்.

"வெண்சிறகின் வீரர்களே! மானம் என்றால் என்ன? ஒழுக்கம் என்றால் என்ன? நேற்றைய அணிவகுப்புக்கு ஒருவர் தாமதமாக வந்தார். காரணம் கேட்டால் குழந்தை பிறந்ததாம்! எனக்கும்தான் குழந்தைகள் பிறந்தன. நான் இங்கேதான் இருந்தேன்! அவர்களுக்கு இப்போது என்ன குறை? என்னைப் பார்த்தால் யார் என்று கேட்கிறார்கள், அது ஒன்றுதான். நாம் உயிரைக் கொடுத்துக் காக்கும் இந்தக் கோட்டை... என்னங்க? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? அடையாள அட்டைன்னா ரெண்டு பக்கமும் போட்டுருங்க... இந்தக் கோட்டை நம் குருதியில் எழுந்தது!"

நகல் எடுக்கும் இயந்திரம் விர்ரென்று ஓடும் சத்தம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. இடையிடையே 'வாழ்க' மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு இன்னொரு குரல். "மூணாவது வரிசை, குதிரையை அடக்குங்க. எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன பஞ்சா?"

அக்கா. நான் குளியலறையில் அதிகநேரம் இருந்தால் கதவைத் தட்டிக்கொண்டு பேசும் அதே குரல். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். என் தலைக்கு மேல் என் கேள்வி தங்க எழுத்தில் மிதந்துகொண்டிருந்தது. பின்வாசலில் பார்க்க ஆளில்லை.

வெட்கத்தோடு ஒன்றை எழுத வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தக் காவல் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு வாசல், ஒரு பொறுப்பு. காலுறை அணிந்த காலை முன்னால் வைத்து நின்றுகொண்டேன். யாராவது தாக்க வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. யாரும் வரவில்லை. மனசு விட்டுப்போயிற்று.

"சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிட்டாள்.

"காவல்ல இருக்கேம்மா!"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா அறை வாசலில் நின்றாள். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி. மறுகையில் நான் நாளைக்குப் போட வேண்டிய சட்டை. அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைக் கசங்கினபடியே மடித்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள்.

அதன்பிறகு காவலில் மனம் செல்லவில்லை.

அக்காவின் முன்னால் போய் நிற்க ஒரே ஒரு வழி இருப்பதாகச் சங்க விதிகளைப் படித்ததில் தெரிந்தது. ஒழுங்கு விசாரணைகளைத் துணைத்தலைவிதான் நடத்துகிறாள், குற்றவாளி நடுமண்டபத்துக்கு அழைத்து வரப்படுவான். ஆகவே குற்றம் செய்ய முடிவெடுத்தேன். காவலை விட்டு நகர்ந்தேன். 'தானாகவே ரோந்து சென்ற வீரர்' என்று பாராட்டு வந்தது. தலைவரின் சிலைக்கு முன்னால் அழுதேன். பக்தி என்று அதற்கும் பாராட்டு. குற்றம் செய்யக்கூடத் திறமை வேண்டும் போலிருக்கிறது.

அப்படியிருக்கும்போது எதிர்ச் சங்கத்தார் இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்கள். என் தலைக்கு மேலே படித்துவிட்டு, "வெண்சிறகுக்காரங்க வாசல்ல ஆள் நிறுத்தி அக்காவைத் தேடுறாங்கடோய்!" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். கணினியை மூடும் முன் எனக்கு ஓலை வந்தது. 'சங்கத்தின் மாண்புக்கு ஒவ்வாத பெயரைத் தாங்கியதற்காக நாளை விசாரணை.'

வேண்டியது கிடைத்துவிட்டது.

நாளை: விசாரணை. அதற்கு முன் என் சட்டையை நானே இஸ்திரி போட வேண்டும்.

மார்ச் 12, புதன்

இன்று செய்த தவறு: அழுதேன். விவரம் கீழே.

பகலில் பொறியண்ணனிடம் விடை பெற்றேன். "சீக்கிரம் போகணும்ணே, இன்னைக்கு என் மேல விசாரணை." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தப்பு பண்ணினே?" "பேரு வச்சுக்கிட்டேன்." அவர் பொறியைக் கீழே வைத்துவிட்டு, "போ. போயிட்டு வா. வக்கீல் வேணும்னா சொல்லு, நம்ம பேக்கரிக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருக்காரு" என்றார்.

ஆறரைக்குக் குள்ளனை மண்டபத்தின் நடுவே நிறுத்தினார்கள். சுற்றிலும் கவசங்கள், சிறகுகள், பறவைத் தலைகள். எல்லோரும் வைரம் வாங்கியவர்கள் என்பது மினுமினுப்பிலேயே தெரிந்தது. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. செயலாளர் சொன்ன சுதந்திரம் இதுதான் போலும்.

தலைவர் தொடங்கினார். "வீரர்களே! பெயர் என்பது என்ன? என் பெயரைக் கேட்டால் ஏழு ராஜ்ஜியங்கள் நடுங்கும். தெருவில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, வீட்டிலேயே 'ஏங்க' என்பதோடு சரி. அப்படி ஒரு பெயரை நான் இங்கே சம்பாதித்திருக்கிறேன்! இந்தச் சுமைதூக்கியோ நம்மை ஊர் சிரிக்க வைத்துவிட்டான். துணைத்தலைவி அவர்களே, குற்றச்சாட்டை வாசியுங்கள்."

மண்டபக் கூரையில் இடி இடித்தது. நீலச் சிறகுகளோடு இடிமுழக்கி இறங்கினாள். அக்காவை இவ்வளவு உயரமாக நான் பார்த்ததே இல்லை.

"குற்றம் சாட்டப்பட்டவர், புது உறுப்பினர்," என்று வேகமாகப் படித்தாள். "பின்வாசல் காவல். தொழில் சுமைதூக்கி. பெயர்..."

நிறுத்தினாள்.

என் தலைக்கு மேல் அது மிதந்துகொண்டிருந்தது.

"பெயர்," என்றார் தலைவர்.

"டேய்," என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். "நீயாடா?"

வணங்கினேன். நெற்றி தரையைத் தொட்டது.

"துணைத்தலைவி அவர்களே," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "சபையில 'டேய்'ங்கிற சொல் விதிப்படி..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. டேய், நீ எதுக்குடா இங்க வந்தே? உனக்குத்தான் இதெல்லாம் ஆகவே ஆகாதே. வீட்டுல ஏதாவதா?"

வணங்கினேன்.

"அம்மாவுக்கா?"

வணங்கினேன்.

"விசாரணையின் நடுவே குடும்ப விவகாரம்..." என்று தலைவர் குரலை உயர்த்தினார். "ஐயா, கலர்ல வேணுமா, கறுப்பு வெள்ளையா?... இதை இச்சங்கம் ஒருபோதும் அனுமதிக்காது!"

"பெரிசா ஏதாவதாடா?" என்றாள் அக்கா. அந்தக் குரலில் இடியும் இல்லை, முழக்கமும் இல்லை.

பெரிதாக ஒன்றுமில்லை, பித்தப்பைக் கல்தான், மறுநாளே வந்துவிடலாம் என்று சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பதோ இரண்டு பொத்தான்கள். ஆம் என்றால் வணக்கம், இல்லை என்றால் அழுகை. நான் முறையாக யோசித்து, சரியான பொத்தானைத்தான் அழுத்தினேன். செயலாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாஷை அக்காவுக்குத் தெரியாது என்பது பொத்தானை விட்டு விரல் எழுந்த பிறகுதான் உறைத்தது.

குள்ளன் முழங்காலிட்டான். மார்பில் அடித்துக்கொண்டான். தரையில் புரண்டான். நீரூற்று இரண்டும் கூரையைத் தொட்டன. வயலின் ஒலித்தது.

"நல்ல பையன்," என்று செயலாளர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. "நேர்காணல்லயே இப்படித்தான்."

அக்காவின் சிறகுகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் புகை மட்டும் இருந்தது.

மேசையில் என் போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மாவுக்கு என்னடா ஆச்சு? சொல்லித் தொலைடா!"

எனக்கு வாய் இருக்கிறது என்பது நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. "ஒண்ணும்..." என்று தொடங்குவதற்குள் அம்மா அறைக்குள் வந்துவிட்டாள்.

"யாரு போன்ல?"

போனில் கேட்ட குரல் அவளுக்கும் கேட்டது.

"அவகிட்ட சொல்லிட்டியா நீ?"

"இல்லம்மா. நான் ஒரு வார்த்தைகூடப் பேசல. சத்தியமா."

உண்மைதான். விளையாட்டுக்குள் அவளிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அக்கா அழுவது எனக்கே கேட்டது. நீரூற்று, வயலின் எதுவும் இல்லாத அழுகை.

"என்ன," என்றாள் அம்மா கடைசியில், "கோட்டையில எல்லாரும் சௌக்கியமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். கல்லாம், எடுக்கணுமாம். நாளன்னைக்கு... நீ எதுக்கு? லீவு குடுப்பானா?... ம்... ம்... உன் போர்வை இங்கதான் இருக்கு, அதைத் தூக்கிக்கிட்டு வராதே. சார்ஜரை மறக்காம எடுத்துக்கோ, வந்து என்னுதைக் கேக்காதே... ம்... ஏய், கேளு. அந்தப் பிளக்கு..." அவள் பார்வை அலமாரிப் பக்கம் போயிற்று. "இப்ப ரெண்டு பிளக்கு வைக்கிற மாதிரி போட்டாச்சு. எலெக்ட்ரீசியன் அப்பவே வந்து போட்டுட்டுப் போனான்."

எனக்கு இது தெரியாது. எட்டிப் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் புதிய வெள்ளைப் பிளக் ஒன்று இருந்தது. அதில் இதுவரை யாரும் எதையும் சொருகியதில்லை. அம்மாவும்தான்.

போனை என்னிடம் தந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா கணினித் திரைக்கு அருகே வந்தாள். மண்டபத்தில் தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். துணைத்தலைவி விடுப்பு விண்ணப்பம் இன்றிக் களத்தை விட்டகன்றதால் நீக்கம், சுமைதூக்கி அதற்கு உடந்தையாக இருந்ததால் நீக்கம், இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரு நகல் எடுத்து வைக்கவும். குள்ளன் இன்னும் புரண்டுகொண்டுதான் இருந்தான். வணங்கு பொத்தானை அழுத்தி அவனை நிறுத்தினேன்.

"யாருடா இந்தத் தாடிக்காரன்?"

"நான்தாம்மா."

"தலைமேல என்ன எழுதியிருக்கு?" கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒருமுறை. பிறகு மறுபடியும்.

"வர்றா, வர்றா," என்றாள் குள்ளனைப் பார்த்து. "நீ எழுந்து சாப்பிட வா."

நாளை: காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையம். அக்காவின் பைகளைத் தூக்க வேண்டும்.